குதிரை எங்கே போச்சு? சர்ச்சில் டவுன்ஸ் ரேஸ் கம்பெனி கேசினோ கம்பெனி ஆன கதை

ஈசானமூலை (இழையைத் தொடங்கியவர்):

போன வாரம் ஒரு வேலையாக, சிகாகோவை ஒட்டிய ஆர்லிங்டன் ஹைட்ஸ் பக்கம் போனேன். ரயில் நிலையத்துக்கு இன்னும் ஆர்லிங்டன் பார்க் என்றுதான் பெயர். ஆனால் இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தக் குதிரைப் பந்தய மைதானத்தின் ஆறு மாடி கிராண்ட்ஸ்டாண்டை (பார்வையாளர் மாடம்) 2023இல் இடித்துவிட்டார்கள், வெறும் பொட்டல். சிகாகோ வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு அங்கே போவோம். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது, குதிரையின் பெயர் பிடித்திருந்தால் போதும், "அப்பா, இதுக்குக் கட்டு" என்பாள். நானும் 2 டாலர் கட்டுவேன். ஒருமுறை 11 டாலர் திரும்ப வந்தது, அந்தச் சீட்டைக் கவுன்டரில் கொடுக்க மாட்டேன் என்று அழுதாள்.

இந்த மைதானம் லேசுப்பட்டதில்லை. பத்து லட்சம் டாலர் பரிசு வைத்து உயர்சாதிக் குதிரைகளுக்கு உலகில் முதல் ரேஸ் நடந்தது இங்கேதான், 1981இல். 1985 ஜூலை கடைசியில் கிராண்ட்ஸ்டாண்ட் முழுக்க எரிந்து போனது. மூன்றரை வாரத்தில் கூடாரம் அடித்து, தற்காலிக இருக்கை போட்டு அந்த வருடத்து மில்லியன் ரேஸையும் நடத்திவிட்டார்கள். முதலாளி ரிச்சர்ட் டுஷோஸ்வா அப்புறம் புதிதாகக் கட்டி 1989இல் திறந்தார். தீயே மூடாத இடம். 2021 செப்டம்பர் 25 அன்று கடைசி ரேஸ்.

மூடியது யார்? எதிரி யாரும் இல்லை. கென்டக்கி டெர்பி நடத்துகிற அதே சர்ச்சில் டவுன்ஸ் கம்பெனி. 2000இல் ஆர்லிங்டனைத் தன்னோடு இணைத்துக்கொண்டார்கள். ரேஸ் மைதானத்திலேயே கேசினோ நடத்த உரிமம் கொடு என்று இலினாய் அரசிடம் வருடக்கணக்காகக் கேட்டார்கள். 2019இல் சட்டம் வந்தது. வந்தவுடன், அதே ஆகஸ்டில், எங்களுக்கு வேண்டாம், விண்ணப்பிக்கப் போவதில்லை என்றார்கள்! ஏன் என்றால் சில மாதங்களுக்கு முன்னால் பக்கத்து டெஸ் பிளெய்ன்ஸில் இருக்கிற ரிவர்ஸ் கேசினோவில் 61 சதவீதப் பங்கை வாங்கியிருந்தார்கள். சொந்தக் கடைக்கு எதிரே இன்னொரு சொந்தக் கடை எதற்கு? 326 ஏக்கர் நிலம் கடைசியில் 19.72 கோடி டாலருக்குச் சிகாகோ பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் போனது.

எனக்குத் தோன்றுவது இதுதான். இந்தக் கம்பெனிக்குக் குதிரை என்பது கேசினோ உரிமம் வாங்க உதவுகிற ஒரு காகிதம். உரிமம் வேறு வழியில் கிடைத்துவிட்டால் குதிரை செலவுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

—

சும்மா வந்தேன்:

அண்ணா, எனக்கு ரேஸும் தெரியாது கேசினோவும் தெரியாது. சர்ச்சில் டவுன்ஸ் என்பது மைதானமா, கம்பெனியா? டெர்பி என்றால் அந்தத் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்களே, அதுவா?

—

லூயிவில்வாசி:

அதேதான் தம்பி. பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், அதனால் நான் சொல்கிறேன்.

மைதானம் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில், 1875இலிருந்து. மெரிவெதர் லூயிஸ் கிளார்க் என்பவர் தன் மாமன்மார் சர்ச்சில் சகோதரர்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தொடங்கியது, அதனால்தான் அந்தப் பெயர். இங்கிலாந்துப் பிரதமருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மே மாதம் முதல் சனிக்கிழமை டெர்பி. ஒன்றேகால் மைல், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். 1973இல் செக்ரெட்டேரியட் ஓடிய 1 நிமிடம் 59.4 விநாடியை இன்றுவரை எதுவும் முந்தவில்லை. அன்றைக்கு ஒன்றரை லட்சம் பேர் வருவார்கள், எங்கள் தெருவில் புல்வெளியை எல்லாம் பார்க்கிங் என்று வாடகைக்கு விடுவார்கள்.

கம்பெனி அந்த மைதானத்தின் பெயரில் பங்குச் சந்தையில் இருக்கிறது. 1999இல் மயாமியில் கால்டர், கலிஃபோர்னியாவில் ஹாலிவுட் பார்க், 2000இல் ஆர்லிங்டன், 2004இல் நியூ ஆர்லியன்ஸில் ஃபேர் கிரவுண்ட்ஸ் என்று மைதானங்களாக வாங்கிப் போட்டார்கள். அப்போது ரேஸ் கம்பெனிதான்.

அப்புறம் நடந்ததற்கு ஊருக்குள்ளேயே ஒரு உதாரணம். பாப்லர் லெவல் ரோட்டில் முன்பு லூயிவில் டவுன்ஸ் என்று வண்டிப் பந்தய மைதானம் ஒன்று இருந்ததாம், குதிரைக்குப் பின்னால் சின்ன வண்டி கட்டி ஓட்டுவது. 1991இல் இவர்கள் வாங்கினார்கள். வெளியூர் ரேஸை டிவியில் பார்த்துப் பணம் கட்டுகிற இடமாகக் கொஞ்ச காலம் இருந்தது. 2018 செப்டம்பரில் அதே இடத்தில் டெர்பி சிட்டி கேமிங் திறந்தார்கள், 900 மெஷின்.

ஒரு ஆபீஸ் விருந்துக்கு அங்கே போயிருக்கிறேன். பார்த்தால் லாஸ் வேகாஸ் மாதிரிதான், டிராகன், பிரமிடு, எருமை மாடு என்று சுழல்கிற படங்கள். ஆனால் திரையின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன சதுரம். பொத்தானை அழுத்தியதும் அதில் ஒரு குதிரை ரேஸின் கடைசி இரண்டு மூன்று விநாடி ஓடி மறையும். எப்போதோ எங்கேயோ நிஜமாக நடந்த பழைய ரேஸ். அதுதான் உங்கள் பந்தயம்! மேலே ஓடுகிற டிராகன் எல்லாம் அலங்காரம். பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் அந்தச் சதுரம் என்ன என்று கேட்டேன். "எது?" என்று கேட்டு மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நாலு வருடமாக வருகிறாராம்.

—

கிண்டி ரிட்டயர்ட்:

லூயிவில் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாற்பது வருடம் கிண்டியில் ரேஸ் ஆடியவன். லாபமா நஷ்டமா என்று கேட்காதீர்கள், வீட்டம்மா இந்தத் தளத்தைப் படிக்கிறாள்.

1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம், சூதாட்டம் இல்லை என்று. அந்தத் தீர்ப்பில் என்ன சொன்னார்கள்? குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கி, சுமக்கிற எடை, தூரம், இதையெல்லாம் எடைபோட்டுத்தான் பந்தயம் கட்டுகிறான் என்று. சரி. நாங்களும் அப்படித்தான் ஆடினோம். வியாழக்கிழமை ராத்திரி ரேஸ் புத்தகத்தையும் சிவப்புப் பேனாவையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மணி இரண்டாகும். காலையில் ட்ராக் வொர்க் பார்க்கப் போவோம், எந்தக் குதிரை மூச்சு வாங்குகிறது, எது காலை இழுக்கிறது என்று.

பேர் தெரியாத குதிரை, தேதி தெரியாத ரேஸ், மூன்று விநாடி. இதில் திறமை எங்கே இருக்கிறது? இதை ரேஸ் என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

—

பங்குச்சந்தை பரமு:

ஐயா, மனசு வரவில்லை, சட்டம் வரவைத்தது. கென்டக்கியில் கேசினோ கூடாது என்பது அரசியல் சட்ட நிலை, ஆனால் பாரிமியூச்சுவல் முறையில் குதிரைமேல் கட்டுவது மட்டும் சரி. நம்ம ஊர் டோட் தான், கட்டியவர்கள் காசு ஒரு பானையில் சேரும், கிளப் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பானைக்குள் ஸ்லாட் மெஷினை எப்படி நுழைப்பது என்று யோசித்து வந்ததுதான் இந்தப் பழைய ரேஸ் மெஷின். முதலில் 2000இல் ஆர்கன்சாவில் ஓக்லான் மைதானத்தில் வந்தது, கென்டக்கியில் 2011இல்.

ஈசானமூலை அண்ணன் சொல்கிற கோணத்தை முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. மெஷின் வராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? இந்தியானா, மேற்கு வர்ஜீனியா, பென்சில்வேனியா எல்லாம் மைதானத்தில் ஸ்லாட் வைத்துப் பரிசுத் தொகையை ஏற்றிவிட்டன, குதிரைக்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். மெஷின் வருமானத்தில் ஒரு பங்கு பரிசுப் பணத்துக்குப் போகிறது. அது வந்த பிறகுதான் கென்டக்கி திரும்ப எழுந்தது. டெர்பி பரிசே 2018இல் 20 லட்சம், 2019இல் 30 லட்சம், 2024இல் 50 லட்சம் டாலர். குதிரை லாயக்காரன், லாடம் அடிக்கிறவன், வைக்கோல் விற்கிறவன் எல்லாருக்கும் இந்தக் காசுதான் சோறு.

கணக்கும் பாருங்கள். ரேஸ் நடத்துவது என்ன மாதிரித் தொழில்? வருடத்தில் சில மாதம்தான் ஓட்டம், மழை பெய்தால் போச்சு, ஆயிரம் குதிரைக்குக் கொட்டகை, வைத்தியர், ஆம்புலன்ஸ். மெஷினுக்குக் கரண்ட் போதும்.

—

ஈசானமூலை:

பரமு, நீங்கள் சொல்வது கென்டக்கிக்குச் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கம்பெனி மற்ற ஊர்களில் என்ன செய்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஹாலிவுட் பார்க். 1938இல் சினிமாக்காரர்கள் பங்கு போட்டுத் திறந்தது, முதலாளிகளில் ஜாக் வார்னர் ஒருவர். 14 கோடிக்கு வாங்கினார்கள். 2004 நவம்பரில் ரேஸ் மைதானங்களில் ஸ்லாட் வைக்கலாமா என்று கலிஃபோர்னியாவில் வாக்கெடுப்பு நடந்தது, ஜனங்கள் முடியாது என்றார்கள். அடுத்த வருடமே 26 கோடிக்கு நிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். 2013 டிசம்பரில் புது முதலாளி மூடினார். இன்றைக்கு அங்கே சோஃபை ஸ்டேடியம்.

மயாமி கால்டர் கதை இன்னும் அழகு. மயாமி-டேட் ஜனங்கள் 2008இல் சரி என்று ஓட்டுப் போட்டார்கள், 2010 ஜனவரியில் கேசினோ திறந்தார்கள். உரிமம் தங்க வேண்டும் என்றால் அங்கேயே நேரடிப் போட்டி நடக்க வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். குதிரை ஓட்டுவதை 2014இல் பக்கத்து மைதானக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள், கிராண்ட்ஸ்டாண்டை இடித்தார்கள். ஜனங்கள் கூடாரத்தில் நின்று ரேஸ் பார்த்தார்கள். அப்புறம் 2019இல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஹை-அலை! சுவரில் பந்தடிக்கிற பாஸ்க் நாட்டு விளையாட்டு. கூடையைக் கையில் கட்டிக்கொண்டு பந்தை எறிவார்களே, அது. ஒரு குதிரைக்கு ஆகிற செலவில் நாலு ஆட்டக்காரனை வைத்துக்கொள்ளலாம், சட்டப்படி அதுவும் நேரடிப் போட்டிதான். 2020 நவம்பரோடு கால்டரில் குதிரை ஓட்டம் முடிந்தது. கேசினோ பாட்டுக்கு நடக்கிறது.

குதிரைமேல் இருந்த பாசத்தால் ஹை-அலை வரவில்லை இல்லையா? இதைத்தான் காகிதம் என்றேன்.

—

சும்மா வந்தேன்:

ஹை-அலை 😂😂 இது நம்ம ஊரில் பெர்மிட்டுக்காக ஹோட்டலில் ரூம் கட்டி வைப்பார்களே, பார் நடத்த, அந்த மாதிரி இல்ல?

—

கிண்டி ரிட்டயர்ட்:

தம்பி சரியாகப் பிடித்துவிட்டான்.

—

லூயிவில்வாசி:

கோர்ட் கதையைப் பரமு பாதியில் விட்டுவிட்டார். 2020 செப்டம்பரில் கென்டக்கி சுப்ரீம் கோர்ட் கிண்டி ஐயா கேட்ட மாதிரியே ஒன்றைக் கேட்டது. பாரிமியூச்சுவல் என்றால் எல்லாரும் ஒரே ரேஸ்மேல் ஒருவரை எதிர்த்து ஒருவர் கட்ட வேண்டும், இங்கே ஒவ்வொருவன் மெஷினிலும் வேறு வேறு பழைய ரேஸ் ஓடுகிறதே, பானை எங்கே பொது என்று. எக்ஸாக்டா என்கிற கம்பெனியின் மெஷின் முறை சட்டப்படி பாரிமியூச்சுவல் ஆகாது என்று தீர்ப்பு. ஊரே ஆடிப்போனது. அஞ்சாவது மாதம், 2021 பிப்ரவரியில், சட்டமன்றம் பாரிமியூச்சுவல் என்ற சொல்லுக்கே புது விளக்கம் எழுதிச் சட்டமாக்கிவிட்டது. முடிந்தது கதை.

முடியவில்லை, இன்னும் ஒன்று. அந்த எக்ஸாக்டாவை 2023இல் 25 கோடி டாலருக்கு வாங்கியது யார் தெரியுமா? சர்ச்சில் டவுன்ஸ்.

—

பங்குச்சந்தை பரமு:

😀 அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, வாங்கிய பட்டியலையும் நானே போடுகிறேன். மிசிசிப்பியில் இரண்டு கேசினோ, கிரீன்வில்லில் ஒன்று விக்ஸ்பர்க்கில் ஒன்று. மெயின் மாநிலத்தில் ஆக்ஸ்ஃபோர்ட் கேசினோ 16 கோடிக்கு. இந்த மூன்று இடத்திலும் குதிரை வாசனையே கிடையாது. நடுவில் 2014இல் பிக் ஃபிஷ் என்ற மொபைல் கேம் கம்பெனியை 88.5 கோடிக்கு வாங்கி, 2018இல் 99 கோடிக்கு ஸ்லாட் மெஷின் செய்கிற ஆஸ்திரேலியக் கம்பெனிக்கு விற்றார்கள். பெரிய கை 2022இல். 275 கோடி டாலர் கொடுத்து ஒரே மூச்சில் வர்ஜீனியாவின் கொலோனியல் டவுன்ஸ் மைதானம், அதோடு சேர்ந்த பழைய ரேஸ் மெஷின் கூடங்கள், நியூயார்க்கில் ஒரு கேசினோ, ஐயோவாவில் ஒரு கேசினோ.

ஆனால் அதே வருடம் ஆன்லைன் கேசினோவையும் ஆன்லைன் விளையாட்டுப் பந்தயத்தையும் விட்டு வெளியே வந்துவிட்டார்கள், பெரிய ஆட்கள் விளம்பரத்துக்குக் காசை வாரி இறைக்கிற இடத்தில் நமக்கு என்ன வேலை என்று. எங்கே போட்டி குறைவோ, எங்கே சட்டமே மதில் சுவரோ, அங்கே மட்டும் கடை. முதலீட்டாளனாக எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிகிறது. அண்ணனுக்கு ஆர்லிங்டன் போன வருத்தம், புரிகிறது.

—

கிண்டி ரிட்டயர்ட்:

பரமு, ஒரு கணக்குச் சொல்லுங்கள். மைதானத்தில் கம்பெனி எவ்வளவு பிடிக்கிறது, மெஷினில் எவ்வளவு பிடிக்கிறது? கிண்டியில் எங்களுக்கு வரியோடு சேர்த்துப் பிடித்த பிடிப்பில் பாதிப் பேர் புக்கியிடம் போய்விட்டான்.

—

பங்குச்சந்தை பரமு:

சர்ச்சில் டவுன்ஸில் 2014இல் பிடிப்பை உயர்த்தினார்கள், ஜெயிக்கிற குதிரைமேல் கட்டுகிற வின் மாதிரி நேர்ப் பந்தயத்துக்கு 17.5 சதவீதம், இரண்டு மூன்று குதிரை சேர்த்துக் கட்டுவதற்கு 22. ஆடுகிறவர்கள் கோபப்பட்டுப் புறக்கணிப்பு எல்லாம் நடத்தினார்கள். மெஷினில் சுமார் 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் மெஷின்தான் தர்மவான்.

ஆனால் வேகத்தைச் சேர்த்துப் பாருங்கள் ஐயா. மைதானத்தில் அரை மணிக்கு ஒரு ரேஸ். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பத்து ரேஸில் பத்துப் பத்து டாலர் கட்டினால் 100 டாலர், கம்பெனிக்கு 17.50. நடுவில் பேசுவோம், சாப்பிடுவோம், ஜாக்கியைத் திட்டுவோம். மெஷினில் ஆறு விநாடிக்கு ஒரு தடவை ஒரு டாலர் அழுத்தினால் ஒரு மணி நேரத்தில் 600 டாலர் உருண்டுவிடும், கம்பெனிக்கு 48. அதுவும் ஒரே மணி நேரத்தில். எட்டு சதவீதம் பதினேழரையைச் சாப்பிடுவது இப்படித்தான்.

—

சும்மா வந்தேன்:

இந்த மணிக்கணக்கு எனக்குத் தெரியும். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வருடம் வேலைக்காக வேறு ஒரு மாநிலத்தில் இருந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு கேசினோவில் (பேர் வேண்டாம்) நண்பர்களோடு சும்மா 40 டாலரோடு போனேன். திரும்பும்போது ஏடிஎம் ரசீது மூன்று இருந்தது. எதன்மேல் கட்டினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால்தான் அண்ணன் பெண்ணின் 11 டாலர் சீட்டைப் படித்ததும் இந்த இழையில் நின்றேன்.

—

கிண்டி ரிட்டயர்ட்:

தம்பி, சொன்னதே நல்லது. நானும் தோற்றிருக்கிறேன், ஆனால் 1980களில் எந்த மழை நாளில் எந்தக் குதிரை கடைசி வளைவில் என் சம்பளத்தைக் கொண்டுபோனது என்று இன்றைக்கும் சொல்லுவேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சூதுதான், வீட்டில் அரிசி குறைந்த மாதமும் உண்டு.

இன்னொன்று. கிண்டி கிளப் கம்பெனி மாதிரி இல்லை, உறுப்பினர் கிளப். காலாண்டுக்கு ஒருமுறை லாபம் எங்கே என்று கேட்கிற பங்குதாரன் இல்லை. நம்ம ஊரில் கேசினோவுக்கு இடமும் இல்லை. ஆனால் குத்தகை பிரச்சினையில் 2024 செப்டம்பரில் 160 ஏக்கரையும் அரசு எடுத்துப் பூட்டிவிட்டது. அங்கே கால்பந்து ஸ்டேடியம், இங்கே குளம், பூங்கா. நகரத்துக்கு நடுவில் அத்தனை நிலத்தைக் குதிரைக்கு விட்டுவைக்க ஒருவருக்கும் பொறுக்காது போல.

—

லூயிவில்வாசி:

பூங்கா நல்லதுதானே ஐயா, வெள்ளம் வந்தால் குளம் உதவும். கோபிக்காதீர்கள்.

எங்கள் ஊர் மைதானத்தை மட்டும் தொட மாட்டார்கள். 2024இல் 150ஆவது டெர்பிக்குக் குதிரைகளை வலம் வரவைக்கிற பேடக்கை மட்டும் 20 கோடி டாலரில் புதிதாகக் கட்டினார்கள். அந்த ஒரு வாரத்துக்கு உலகம் முழுக்க விலை இருக்கிறது. 2023இல் டெர்பியை ஒட்டி 12 குதிரைகள் செத்தபோது பாதி சீசனை எல்லிஸ் பார்க் என்ற இன்னொரு மைதானத்துக்கு மாற்றினார்கள், அந்தப் பெயருக்குக் கறை படிந்தால் எல்லாம் போச்சு என்று அவர்களுக்குத் தெரியும். மெஷின் கூடத்துக்கே டெர்பி சிட்டி என்றுதானே பெயர் வைத்திருக்கிறார்கள்.

—

ஈசானமூலை:

ஆமாம், அந்த ஒரு குதிரை காகிதம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். லூயிவில்லுக்கு அதிர்ஷ்டம், எங்களுக்கு இல்லை. ஆர்லிங்டன் மூடிய பிறகு சிகாகோ பக்கம் மிஞ்சியது ஹாதோர்ன் மைதானம் ஒன்றுதான். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் கேசினோ கட்ட ஆசைப்பட்டு கிராண்ட்ஸ்டாண்டின் உள்ளே பாதியை இடித்துப் போட்டு, பணம் திரட்ட முடியாமல் வருடக்கணக்கில் அப்படியே நின்றார்கள். வேண்டாம் என்றவனுக்கு ரிவர்ஸ், வேண்டும் என்றவனுக்கு இடிந்த சுவர்.

பெண்ணுக்கு இப்போது பதினேழு. பொட்டலைக் காட்டலாம் என்று காரை நிறுத்தினேன், அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "இங்கேயா அழுதேன்?" என்றாள். அந்தச் சீட்டு என்னிடம் இல்லை, அன்றைக்கே கவுன்டரில் கொடுத்து 11 டாலர் வாங்கிவிட்டேன்.

—

கிண்டி ரிட்டயர்ட்:

கொடுத்திருக்கக் கூடாது சார்.

லூயிவில் அம்மா, மே மாதம் டெர்பிக்கு முதல் நாள் இந்த இழையில் குதிரைப் பட்டியலைப் போடுங்கள். 2022இல் ரிச் ஸ்ட்ரைக் 80க்கு 1இல் ஜெயித்து 2 டாலருக்கு 163.60 கொடுத்ததே, அந்த மாதிரி ஒன்று என் கண்ணில் படுகிறதா பார்க்கிறேன். காசு கட்ட இல்லை. சிவப்புப் பேனா சும்மா கிடக்கிறது.